தாண்டிப் போன கிண்ணம்

சரோஜாவுக்கு ஒரு பூசை வேண்டும். செத்துப்போன மகன் பேரில், கத்தோலிக்கக் கோயிலில் ஒரே ஒரு பூசை. அதைக் கேட்டதற்குத்தான் அந்த வீட்டில் அன்றைக்குக் காலையில் காபி டம்ளர் சுவரில் போய் மோதியது. வீசியவர் புருஷன் இல்லை, சரோஜாதான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு கரண்டியைக்கூட ஓசை வரக் கீழே வைக்காதவள்.

“செத்தவனுக்கு இனிமே நாம செய்றதுக்கு ஒண்ணும் இல்ல சரோஜா,” என்று சொன்னார் அப்பாதுரை. சொன்ன குரல் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், லுத்தரன் சபையில் மூப்பர். பானிப்பட்டுப் போரைச் சொல்கிற அதே நிதானத்தில் பெற்ற பிள்ளையின் சாவையும் சொல்ல அவரால் முடிந்தது. “எல்லாம் சிலுவையில முடிஞ்சி போச்சு. ஒரே தரம். அதுக்கு மேல மனுஷன் ஒப்புக்குடுக்க ஒண்ணும் மிச்சம் இல்ல. பூசை குடுக்கறேன்னு போனா, அங்க நடந்தது பத்தலன்னு சொல்ற மாதிரி.”

“என் புள்ளைக்கு செய்றதுக்கு ஒண்ணுமே இல்லியா?”

“இல்ல.”

டம்ளர் பறந்தது அப்போதுதான். காபி சுவரில் வழிந்து, காலண்டருக்குப் பின்னால் இறங்கி, தரையில் சொட்டியது. அவர் எழுந்து துணி எடுத்துவந்து துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இந்தச் சண்டை அந்த வீட்டுக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். சரோஜா பிறந்தது கத்தோலிக்க வீட்டில், வாக்கப்பட்டது லுத்தரன் வீட்டில். சாதி ஒன்று, சபைதான் வேறு. ஆகவே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கண்டுகொள்ளவில்லை. சாதி வேறாகவும் சபை ஒன்றாகவும் இருந்திருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும், அது வேறு கதை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் தன் ஜெபமாலையை அண்ணன் சின்னப்பன் கையில் கொடுத்தாள். பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதற்கப்புறம் ஆராதனைக்குப் போனாள். அவளுக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, ஒன்றைத் தவிர. அங்கே அவர்கள் கோயிலில் சனங்களுக்கு அப்பம் மட்டும்தான். இங்கே வரிசையாக மண்டியிட்டவர்களுக்கு முதலில் அப்பம், அதன் பின்னாலேயே கிண்ணத்தில் திராட்சரசம்.

ஆனால் சின்னப்பன் விடுகிற ஆளா? ஊரை ஒட்டின வேங்கிக்காலில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை மூடுகிற நாளெல்லாம் தங்கை வீட்டில் ஆஜர். காபியைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிடுவார்.

“மாப்ள, பூசை பலி இல்லன்னா, உங்க கோயில்ல அப்பம் வெக்கிற மேசைக்கு எதுக்கு பலிபீடம்னு பேரு? டைனிங் டேபிள்னு சொல்லிட வேண்டியதுதான?”

“பேரு கெடக்குது மச்சான். அங்க குடுக்கறது யாரு, வாங்கறது யாரு, அத சொல்லுங்க. குடுக்கறவரு தேவன். வாங்கறவன் மனுஷன். அது விருந்து. கையேந்தற எடத்துல நின்னுகினு நான் பலி குடுக்கறேன்னு சொல்றீங்களே, பிச்ச எடுக்கறவன் தானம் பண்ணேன்னு சொல்ற மாதிரி இல்ல?”

“மறுபடியும் ஆண்டவர கொல்றோம்னு யாரு சொன்னாங்க? அன்னிக்கி குடுத்த அதே பலிதான் இன்னிக்கும் பீடத்துல நிக்கிது. இருக்கறவனுக்கும் சேரும், செத்தவனுக்கும் சேரும்.”

அவ்வளவுதான், அப்பாதுரைக்கு உற்சாகம் வந்துவிடும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு துறவி, பூசையைப் பலி என்று சொல்வது தப்பு என்று எழுதியதில் ஆரம்பிப்பார். திரெந்து என்கிற மலையூரில் ஆயர்கள் எல்லாம் கூடி, பலி இல்லை என்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று தீர்மானம் போட்டதைச் சொல்லுவார். அந்த ஒரு பேச்சுக்காக அடித்துக்கொண்ட ராஜாக்கள், ஊரை விட்டு ஓடினவர்கள், உயிரோடு எரிந்தவர்கள் கதையெல்லாம் சொல்லுவார். “அவங்க தீர்மானப்படி நான் சபிக்கப்பட்டவன் மச்சான்!” என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். சின்னப்பனும் சிரிப்பார். சரோஜா வடைத் தட்டை நடுவில் வைத்து, “ராஜாங்களால தீராதத நீங்க ரெண்டு பேரும் என் வடைய தின்னு தீத்துடுவீங்களா?” என்பாள். அன்பரசன் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா கட்சிக்கு ஒரு தடவை, மாமா கட்சிக்கு ஒரு தடவை கை தூக்கி, இரண்டு பக்கமும் வடை வாங்கித் தின்பான்.

அன்பரசன் ஒரே பிள்ளை. வளர்ந்து, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் காட்டுவான், வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவான். அதே இடத்தில் வேலைக்கு வந்தவள் கீர்த்தனா. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் பயிரிடுகிற குடும்பம், சாமி கும்பிடுகிறவர்கள். இரண்டு பேருக்கும் பிடித்துப் போயிற்று. ஆடி மாசம் அவர்கள் ஊர் அம்மனுக்குக் கெடா வெட்டினார்கள். கீர்த்தனாவின் அப்பா திருமலை, பையனைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டனுப்பினார். இவனும் போனான், பந்தியில் உட்கார்ந்தான், அம்மனுக்குப் பலி கொடுத்த கெடாவின் கறியைச் சாப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதிசயமாகச் சொன்னான். “ஒடனே வெட்டிடறதில்லம்மா. மஞ்சத் தண்ணிய ஆடு மேல ஊத்திட்டு எல்லாரும் நிக்கறாங்க. அது ஒடம்ப சிலுப்பிச்சாதான் சம்மதம்னு அர்த்தமாம். அது பாட்டுக்கு சும்மா நிக்கிது. இவங்களும் நின்னுகினே இருக்காங்க. ஆட்டுகிட்ட கெஞ்சறாங்கம்மா!”

“அப்பா காதுல போட்டுடாத சாமி,” என்றாள் சரோஜா.

அவன் போடாவிட்டால் என்ன, போடுவதற்கு ஊரில் ஆளா இல்லை? கீர்த்தனாவின் அண்ணன் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். சபையைச் சேர்ந்த ஒரு புண்ணியவான் அதைக் கொண்டுவந்து மூப்பர் கண்ணுக்கு நேராக நீட்டினான். வாழையிலைக்கு முன்னால் அன்பரசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பலி குடுத்த பந்தியில உக்காந்துட்டு ஆண்டவர் பந்திக்கு வர முடியாது,” என்றார் அப்பாதுரை. “தப்புன்னு சபை முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடு. அப்புறம் வா.”

“கறிக்கொழம்புப்பா அது. பசிச்சிது, எல போட்டாங்க, சாப்ட்டேன். எல போட்டவங்கள போயி எப்படிப்பா தப்புன்னு சொல்றது?”

அதோடு அப்பனும் பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள், செருப்பைப் போட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். அப்பாதுரை போதகரிடம் போய், மகனுக்கு இராப்போஜனம், அந்த அப்பமும் ரசமும், கொடுக்க வேண்டாம் என்று சொன்னார். போதகர் சின்ன வயசுக்காரர், ஆனால் நல்ல மனுஷன். “உங்க வீட்டு விஷயத்த வீட்லயே பேசிக்குங்க மூப்பரே. கையேந்தறவனுக்கு நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இராப்போஜன ஆராதனை. பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதி ஓரமாக எல்லாரும் மண்டியிட்டார்கள். சரோஜா, அவளுக்கு இடது பக்கம் அன்பரசன். போதகர் அப்பத்தை வைத்துக்கொண்டே வந்தார். அன்பரசன் நாக்கிலும் வைத்தார். பின்னால் கிண்ணத்தோடு மூப்பர் அப்பாதுரை. ஒவ்வொருத்தர் வாயிலும் ஒரு மிடறு, வெள்ளைத் துணியால் விளிம்பை ஒரு துடைப்பு, அடுத்த ஆள். சரோஜா குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்தி! அந்தப் பாழாய்ப் போன கண்ணை அவள் அன்றைக்கு மூடாமல் இருந்திருக்கலாம். திறந்து பார்த்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. வெளியே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கெஸ்ட் ஹவுஸில் என்ன அவசரமோ என்று நினைத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கீழ்பென்னாத்தூர் ரோட்டில், பின்னால் விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் அவன் பைக் மோதியது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. சரோஜா போய்ப் பார்த்தாள். தலையில்தான் அடி. முகம் அப்படியே இருந்தது, உதடு மட்டும் காய்ந்திருந்தது.

அடக்கத்துக்குக் கீர்த்தனா வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் போன பிறகு சரோஜா அவளிடம் போனாள். அந்தப் பெண் தேம்பித் தேம்பிச் சொன்ன விஷயம் அப்போதுதான் சரோஜாவுக்குத் தெரியும்.

“அன்னிக்கி சாயங்காலம் போன் பண்ணாருங்க அத்த. ‘எனக்கு மட்டும் கிண்ணத்த குடுக்காம அப்பா தாண்டிப் போயிட்டாரு கீர்த்தி. அப்பம் தொண்டையிலயே நிக்கிது, எறங்க மாட்டேங்குது’னு சொன்னாருங்க. ‘உங்க ஊர்ல ஆட்டக்கூட கேட்டுட்டு வெட்டறாங்க, என்ன ஒரு வார்த்த கேக்கல பாரு’னு சொன்னாருங்க. நான்தான், இங்க வாங்க, அம்மா சோறு ஆக்கி வெச்சிருக்காங்க, சாப்டலாம்னு கூப்ட்டேன். நான் கூப்ட்டிருக்கக் கூடாதுங்க அத்த.”

வீட்டுக்கு வந்து சரோஜா கேட்டாள். அப்பாதுரை மறுக்கவில்லை. “சட்டம் எம்புள்ளைக்கும் ஒண்ணுதான்,” என்றார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். ஆனால் குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

அன்றைக்குப் பிடித்த வெறிதான் இந்தப் பூசை. அண்ணன் சொன்னது அத்தனை வருஷமும் அவள் காதில் விழுந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது அது ஒன்றுதான் காதில் நின்றது. செத்தவனுக்கும் சேரும். காய்ந்த வாயோடு போன பிள்ளை. அவனுக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர வேண்டும். எந்தச் சபை சொல்வது சரி, எந்த ஊரில் எந்த ஆயர் என்ன தீர்மானம் போட்டார், அதெல்லாம் அவளுக்கு வேண்டாம். அவளுக்குச் செய்வதற்கு ஒன்று வேண்டும். ஒன்றும் இல்லை என்று சொல்கிற வீட்டில் பெற்றவள் எப்படி உட்கார்ந்திருப்பாள், சொல்லுங்கள்!

டம்ளரை வீசிய கையோடு சின்னப்பனுக்குப் போன் போட்டாள். “ஏற்பாடு பண்ணுண்ணா,” என்றாள்.

பூசை விடிகாலையில். பௌர்ணமிக்கு மறுநாள், மலை சுற்றி முடித்த கூட்டம் செருப்பில்லாத காலோடு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் எதையோ செய்து முடித்த களைப்பில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. சின்னப்பன் கோயில் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் அவளுடைய பழைய ஜெபமாலை இருந்தது. அவள் வாங்கிக்கொள்ளவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாமியார் பீடத்துக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் சொன்னார்: “இன்றைய திருப்பலி, மறைந்த அன்பரசனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது.”

அந்தப் பேரைக் கேட்டதும் சரோஜாவுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. அழுதுகொண்டே, சேரும், சேரும் என்று சொல்லிக்கொண்டாள். சாமியார் இரண்டு கையாலும் அப்பத்தை உயரத் தூக்கினபோது மணி அடித்தது. கிண்ணத்தைத் தூக்கினபோதும் அடித்தது. அந்தக் கிண்ணத்தை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள்.

நன்மை, அதாவது அந்த அப்பம், வாங்குகிற நேரம் வந்தது. “நீ ஞானஸ்நானம் வாங்கினது இந்தக் கோயில்லதான, வா,” என்று சின்னப்பன் கூப்பிட்டார். அவளும் வரிசையில் போனாள். சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தார். எல்லாரும் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? லுத்தரன் கோயிலில் பழகின பழக்கம். இரண்டடி தள்ளிப் பீடத்தின் படியில் மண்டியிட்டு, முகத்தை நிமிர்த்தி, கிண்ணத்துக்காகக் காத்திருந்தாள்.

கிண்ணம் வரவில்லை. பக்கத்தில் கால்கள் தாண்டித் தாண்டிப் போயின. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது வரும், இப்போது வரும் என்று வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள். யாரோ ஒரு பெண்பிள்ளை குனிந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனாள். அப்போதுதான் சரோஜாவுக்குப் புரிந்தது. இப்படித்தான். இப்படித்தான் என் பிள்ளை உட்கார்ந்திருந்தான். வாயில் அப்பத்தை வைத்துக்கொண்டு, பெற்ற அப்பன் கையில் இருக்கிற கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, இப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தான். பக்கத்திலேயே நான் இருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

“சரோஜா,” என்று சின்னப்பன் தோளைத் தொட்டார். “அவ்ளோதாம்மா. எந்திரி.”

“அவ்ளோதானாண்ணா?”

அவர் அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பாதுரை முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் பிரிக்காமல் மடியில் கிடந்தது. எங்கே போனாய் என்று கேட்கவில்லை. “பேரு சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“சொன்னாங்க.”

“அப்பம் வாங்கினியா?”

“வாங்கினேன். கிண்ணம் வரல.”

அவர் தலையைத் தூக்கினார்.

“மண்டி போட்டுகினு காத்துகினு இருந்தேங்க,” என்றாள் சரோஜா. “எல்லாரும் என்ன தாண்டிப் போறாங்க. அப்பதான் தெரிஞ்சிது எம்புள்ள என்னா பாடு பட்டிருப்பான்னு. அவங்களாவது யாருக்குமே குடுக்கல, அது அவங்க வழக்கம். நீங்க எனக்கு குடுத்தீங்க. அவன வுட்டுட்டு அடுத்த ஆளுக்கு குடுத்தீங்க.”

“சரோஜா, சட்டம்னு ஒண்ணு...”

“சட்டத்த பேசாதீங்க! பலின்னு சொல்ற எங்கண்ணன் இத செஞ்சிருந்தா, சரி, பூசாரி புத்தி, தீட்டு பாத்துட்டான்னு வுட்டிருப்பேன். நீங்க விருந்துன்னு சொன்னவரு. குடுக்கறது தேவன், மனுஷன் வெறும் கைய ஏந்தறவன்னு என் வடைய தின்னுகினு தின்னுகினு சொன்னவரு. அப்புறம் பந்தியில உக்காந்தவன ஒதுக்க நீங்க யாருங்க? அது உங்க வீட்டு ரசமா? வேண்டாதவனா இருந்தாக்கூட எல போட்டு உக்கார வெச்சிட்டா எழுப்ப மாட்டாங்க நம்ம ஊர்ல. பெத்த புள்ளைய எழுப்பிட்டீங்களே!”

“எழுப்பல,” என்றார் அப்பாதுரை. குரல் முதல் முறையாகக் கம்மியது. “அவன் என்ன நிமிந்து பாத்தான். ஒரு வார்த்த சொல்லுவான்னு நின்னேன். அவன் வாய்ல அப்பம் இருந்துது, எப்படி சொல்லுவான்? அது எனக்கு தோணல சரோஜா. தாண்டிட்டேன்.”

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அவர் மடியிலிருந்த பேப்பரை எடுத்துக் கீழே வைத்தார். “வர்ற ஞாயித்துக்கெழம இராப்போஜனம். நீ பூசையில கலந்துகிட்டவ. மொறப்படி உனக்கும்...”

என்ன மனுஷன்! அந்த நிலையிலும் அந்த வாயில் முறைதான் வந்தது. சரோஜா சிரித்தாள், நல்ல சிரிப்பில்லை அது.

“வருவேன். அன்னிக்கி கண்ண மூடிகினு இருந்தேன். இந்த தபா தொறந்து வெச்சிகினு இருப்பேன். என்னையும் தாண்டிப் போங்க, பாக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தனித்தனியாகக் கோயிலுக்குப் போனார்கள். சபைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும், ஒலிபெருக்கியில் பேர் சொன்ன பூசை. சரோஜா கிராதிக்குப் போனபோது கிசுகிசுப்பு எழுந்து அடங்கியது. அவள் அதே இடத்தில் மண்டியிட்டாள். இடது பக்கம் ஒரு ஆள் இடத்தில் தன் முந்தானையை விரித்துப் போட்டாள். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவார்களே, அந்த மாதிரி. அங்கே மண்டியிட வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் மண்டியிட்டாள்.

போதகர் அப்பத்தோடு வந்தார். சரோஜா நாக்கில் வைத்தார். விரித்த முந்தானையைப் பார்த்தார். ஒன்றும் செய்ய முடியாமல் அடுத்தவருக்குப் போனார்.

பின்னால் கிண்ணம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார் அப்பாதுரை. வெள்ளை ஜிப்பா, சீவிய தலை. வலது பக்கம் இருந்தவர்களுக்கெல்லாம் ஒழுங்காகக் கொடுத்து, துடைத்து, கொடுத்து, சரோஜாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவள் கண்ணை மூடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் தாண்டவில்லை. கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் உதட்டில் வைத்தார்.

சரோஜா உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையை இல்லை என்று ஆட்டினாள். வாயிலிருந்த அப்பத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“மொதல்ல அவனுக்கு.”

அப்பாதுரை முந்தானையைப் பார்த்தார். அங்கே யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. செத்தவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை; அவர் அதை எலும்பு வரைக்கும் நம்புகிறவர். சரோஜா அவர் கையையே பார்த்தாள். அவர் அவளுக்கு இடது பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தார். முட்டியை மடக்கிக் குனிந்தார், ஒரு பையன் வாய் இருக்கிற உயரத்துக்கு. அங்கே, காற்றில், கிண்ணத்தை மெதுவாகச் சாய்த்தார். ஒருவருக்குக் கொடுக்கிற மாதிரியே, ஒரு மிடறு சாய்த்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி சாய்த்தார். அப்புறம் பொறுக்கவில்லை. முழுசாகக் கவிழ்த்துவிட்டார்.

சிவப்பு ரசம் முந்தானையில் கொட்டி, சிமெண்டுத் தரையில் பரவியது. பின் வரிசையில் ஒரு கிழவி “ஐயோ ஆண்டவரே!” என்று கத்தினாள். போதகர் ஓடிவந்தார். நல்ல மனுஷன் என்று சொன்னேனே; சபைக்குக் கேட்கும்படியே சொன்னார்: “பரவால்ல மூப்பரே, கை நழுவிடுச்சு. வயசாச்சு இல்ல, பரவால்ல.”

அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். அப்பாதுரை எழுந்து நின்றார்.

“நழுவல ஐயா,” என்றார். “குடுத்தேன்.”

பிறகு காலிக் கிண்ணத்தைப் பீடத்தின் மேல் வைத்தார். விளிம்பைத் துடைக்கிற வெள்ளைத் துணியை அதன் மேல் மடித்து வைத்தார். சபையைப் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். இனி அந்தக் கிண்ணத்தைத் தொட அவரை யாரும் விடமாட்டார்கள், அவரும் தொடமாட்டார். வெளியே படியில் அவர் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் உள்ளே வரை கேட்டது.

இரண்டு பெண்கள் துணியோடு வந்தார்கள். சரோஜா அவர்களைக் கையால் தடுத்தாள். தரையில் ரசம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. உறிஞ்ச அங்கே மண் இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூசையும் கொடுத்தாயிற்று, கிண்ணமும் கொடுத்தாயிற்று. தரையில் அந்த ரசம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

அவள் வாயில் அப்பம் இருந்தது. விழுங்கப் பார்த்தாள். இறங்கவில்லை.